நாடகத் தொடருக்கு ஒப்புதல் தருபவர்கள்: தென்னாப்பிரிக்காவில் எங்கள் அனுபவங்கள்

டர்பன், கதைக்குழு எழுத்தாளர்:

சேனலில் ‘கமிஷனிங் எடிட்டர்’ என்று ஒருவர் இருப்பார், அவர் கையெழுத்துப் போட்டால் தொடர் வந்துவிடும் என்றுதான் கதை சொல்லப் போகிற பலரும் நம்புகிறார்கள். டர்பனில் எடுக்கப்படும் தினசரித் தொடர்களின் கதைக்குழுக்களில் வேலை பார்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் தனியாகச் ‘சரி’ சொல்ல முடியாதவர், ஆனால் தனியாகவே ‘வேண்டாம்’ சொல்லக்கூடியவர். அவருடைய திறமை முழுவதும் அந்த ‘வேண்டாம்’ எப்போது வருகிறது, எந்தக் காரணத்தோடு வருகிறது என்பதில்தான் தெரியும்.

நான் அதிகம் பழகிய எடிட்டர், டர்பனை ஒட்டிய உம்லாசியில் வளர்ந்த ஜூலுப் பெண்மணி. வானொலி நாடகங்களுக்குப் பிரதி தயாரித்துக் கொடுக்கும் வேலையில் தொடங்கி, தினசரித் தொடர் ஒன்றில் ஸ்கிரிப்ட் எடிட்டராகி, அங்கிருந்து சேனலுக்குள் போனவர். இந்த நாட்டில் தொலைக்காட்சியே 1976 ஜனவரி 5 அன்றுதான் முறையாகத் தொடங்கியது, அதுவும் ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும் மட்டும். ஆப்பிரிக்க மொழிகளுக்கான சேனல்கள் 1980களின் தொடக்கத்தில்தான் வந்தன. அதனால் அவருக்கு முந்தைய தலைமுறைக்கு வானொலியும் மேடையுமே பயிற்சிக்கூடங்களாக இருந்தன. அந்தப் பழக்கம் அவரிடமும் ஒட்டியிருந்தது. காட்சியைப் படிக்கும்போது அவர் உதடு அசையும். எந்த இடத்தில் வசனம் இடறுகிறதோ அந்த இடத்தில் பென்சில் நின்றுவிடும்.

கோவெண்டர் என்ற தமிழ்க் குடும்பத்தை எங்கள் தொடருக்குள் கொண்டுவர ஏற்பாடான சமயம், கலைத்துறையினர் அமைத்திருந்த வீட்டு முற்றத்தின் புகைப்படங்கள் அவர் மேசைக்கு வந்தன. முற்றத்தில் மூங்கில் கம்பின் உச்சியில் சிவப்புக் கொடி பறந்தது. அது இந்தி வழி வந்த குடும்பங்கள் அனுமனுக்காக நடுகிற ஜண்டா. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே, கோவெண்டர் வீட்டில் இந்தக் கொடிக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டார். உம்லாசிக்குப் பக்கத்திலேயே இருக்கும் இசிப்பிங்கோவின் மாரியம்மன் கோயிலுக்குப் புனித வெள்ளியன்று திரளும் கூட்டத்தைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவர் அவர். யார் வீட்டு வாசலில் என்ன இருக்கும் என்பது அவருக்குப் புத்தகம் படித்து வந்த அறிவு அல்ல.

கொடியை எடுத்துவிடச் சொல்வதோடு அவர் நின்றிருந்தால் இதை இங்கே எழுதியிருக்க மாட்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டியவர், இந்த ஆயா (வீட்டுப் பாட்டி) எல்லாக் காட்சியிலும் அடுப்படியிலேயே நிற்கிறாரே, வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் பல குடும்பங்கள் வாடகைக்கு இருந்த நகராட்சி வீடுகளைப் பின்னாளில்தான் சொந்தமாக்கிக்கொண்டன என்பதால், பத்திரம் ஆயா பெயரில் இருப்பதாக முடிவு செய்தோம். அதிலிருந்து மகன்களின் சண்டை, மறைத்து வைத்த கடன், பேத்தியின் திருமணம் என்று கதை தானாகக் கிளைத்தது. வசனம் ஒன்றுகூட எழுதாமல் கதையைத் திருப்பிவிடுகிறவர்கள் இவர்கள். திரையில் ஓடும் பெயர்களின் வரிசையில் அவர் பெயரைத் தேடிப் பார்க்கிற பார்வையாளர் யார்?

ஜோகன்னஸ்பர்க், தயாரிப்பு நிறுவன அலுவலர்:

மேலே நண்பர் எழுதியது ஒப்புதல் கிடைத்த பிறகு நடப்பது. அதற்கு முந்தைய கட்டத்தில்தான் என் பிழைப்பு. எந்தச் சேனலுக்கு, எந்த மொழியில், எந்த நேரத்துக்கு, எத்தனை நிமிடத்துக்குத் தொடர் வேண்டும் என்று நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி. ஒரு கையேடு வெளியிட்டுத்தான் கதை கேட்கும். அரை மணி நேரம் என்றால் விளம்பரம் போகக் கதைக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 24 நிமிடம். எடிட்டருக்கு நம் கதை பிடித்திருந்தாலும் அதை அவர் தேர்வுக் குழுவிடமும், பிறகு நிதி, சட்டம், ஒளிபரப்பு அட்டவணை ஆகிய பிரிவுகளிடமும் எடுத்துக்கொண்டு போய் வாதாட வேண்டும். சேனல் முழுச் செலவையும் ஏற்கிறபோது உரிமையும் பெரும்பாலும் சேனலுக்கே போய்விடும் என்பதை, கதை சொல்லப் போகும் புதியவர்கள் ஒப்பந்தத்தைப் பார்க்கும் நாளில்தான் உணர்கிறார்கள்.

ஒரு சேனலில் எங்கள் கோப்பு ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்ற ஒரே பதிலோடு ஒரு மழைக்காலம் தொடங்கி மறு மழைக்காலம் வரை கிடந்தது. அதற்குள் ஒப்புக்கொண்டிருந்த நடிகர்கள் வேறு தொடர்களுக்குப் போய்விட்டார்கள். இன்னொரு சேனலின் எடிட்டரோ, காபி ஆறுவதற்குள், இதே கரு கொண்ட தொடர் ஒன்று தங்களிடம் ஏற்கெனவே எழுதப்பட்டு வருவதால் இது நடக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் என் முதலாளி அவரைத் திட்டினார். எனக்கு அவர்மீது மரியாதைதான் வந்தது. அடுத்த வாரமே அந்தக் கதையை வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடிந்ததல்லவா?

இந்த நாற்காலியில் நெடுங்காலம் உட்கார்ந்திருப்பவர்கள் குறைவு. தலைமை மாறும், கொள்கை மாறும், 2009இல் எஸ்.ஏ.பி.சி. நிதி நெருக்கடியில் சிக்கியபோது தயாரிப்பாளர்கள் திரண்டு குரல் கொடுக்கும் அளவுக்கு இத்துறை ஆட்டம் கண்டது. பலர் சேனலை விட்டு வெளியேறிச் சொந்த நிறுவனம் தொடங்குகிறார்கள். நான் சொன்ன அந்த எடிட்டரும் அப்படித்தான். இப்போது எங்களைப் போலவே அடையாள அட்டை வாங்கிக்கொண்டு, கோப்போடு வரவேற்பறையில் காத்திருக்கிறார். ஒரு நாள் அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, சீக்கிரம் ‘வேண்டாம்’ என்று சொல்கிறவர்கள் இப்போது யார் யார் என்று என்னிடமே விசாரித்தார்.

சாட்ஸ்வொர்த், நாடகக் குழு உறுப்பினர்:

என் அனுபவம் சிறியது. எழுத்தாளர் பட்டறை ஒன்றுக்கு வந்திருந்த எடிட்டரிடம், தமிழ்க் குடும்பத்தை மையமாக வைத்து மாலை நேரத் தொடர் எப்போது வரும் என்று சற்றுக் கோபத்தோடேயே கேட்டேன். அவர் மழுப்பவில்லை. இந்நாட்டில் இந்திய வம்சாவளியினர் 100 பேரில் 3 பேருக்கும் குறைவு. டர்பனிலேயே எடுக்கப்படும் ஜூலு மொழித் தொடரான ‘உசாலோ’ ஒரு கட்டத்தில் ஒரே இரவில் 1 கோடிக்கும் மேற்பட்டோரைப் பிடித்து வைத்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தை நம் வீட்டுக் கதைக்கு மட்டும் கேட்டு மேலிடத்தில் தன்னால் வாதாட முடியாது என்றார். ஆனால் 2018இல் இ.டிவி என்ற தனியார் சேனலில் தொடங்கிய ‘இம்பெவு’ தொடரில் ராம்பர்சாத் குடும்பம் ஜூலுக் குடும்பத்தோடு தொழிலிலும் உறவிலும் பின்னிக் கிடந்ததைக் காட்டி, அந்த வழியில் வந்தால் கேட்கத் தயார் என்றார்.

பதில் எனக்கு முழுதாகப் பிடித்துவிடவில்லை. எண்ணிக்கையைக் காட்டியே எத்தனை காலம் நம்மைப் பக்கத்து வீட்டுக்காரராக வைத்திருப்பார்கள் என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. இருந்தாலும், எதை எழுதினால் அவரால் எடுத்துக்கொண்டு போக முடியும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். உம்லாசியைச் சேர்ந்த எழுத்தாளர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு, ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு வீடு, அந்தக் கரையில் ஒரு வீடு என்று எங்கள் குழு இப்போது ஒரு கதையை எழுதிக்கொண்டிருக்கிறது. அடுத்த கையேடு வந்ததும் அனுப்புவோம்.