அம்பாசிடர் இன்ஜின் பாகங்களுக்கு வீட்டிலேயே வண்ணம் பூசுதல்: எல்லாவற்றுக்கும் 600 டிகிரி பெயிண்ட் போதுமா?

நாகை_அம்பாசிடர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பொருத்திய பழைய அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. வண்டியின் வெளிப்புறத்தை அண்மையில்தான் டிங்கரிங் செய்து வண்ணம் அடித்தோம். ஆனால் பானட்டைத் திறந்தால், கடற்காற்றில் துருப்பிடித்த டேப்பட் கவரும் (இன்ஜினின் மேல்மூடி) ஏர் ஃபில்டர் டப்பாவும், அமிலம் கசிந்து அரித்த பேட்டரி தட்டும், செம்மண் நிறமாகிவிட்ட, இன்ஜின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுமாக மனத்துக்கு வருத்தமாக இருக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி வீட்டிலேயே சுத்தம் செய்து, டேப்பட் கவரை அடர் சிவப்பிலும் மற்றவற்றைக் கறுப்பிலும் பூச விரும்புகிறேன்.

பெயிண்ட் கடையில் 600 டிகிரி வரை தாங்கும் ஸ்ப்ரே டப்பாவைக் காட்டி, இதையே எல்லாப் பாகங்களுக்கும் அடித்துவிடலாம், வெப்பத்தைப் பற்றிய கவலையே இராது என்கிறார்கள். வெளிப்புறத்துக்கு வாங்கிய டூ-கே பி.யு. பெயிண்டும் (இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட்) அதை இறுகச் செய்யும் ஹார்டனரும் மீதம் இருக்கின்றன. சிறிய கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் கைவசம் உள்ளன. எந்தப் பாகத்துக்கு எதைப் பயன்படுத்துவது சரி, அடியில் பிரைமர் தேவையா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

பழைய_பட்டறை

தம்பி, கடைக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. அதிக வெப்பம் தாங்கும் பெயிண்ட் என்றால் குறைந்த வெப்பத்தில் இன்னும் நன்றாக நிற்கும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. 600 டிகிரி பெயிண்ட் என்பது சிலிக்கோன் பிசின் கலந்தது. அது காற்றில் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு உலர்ந்தாலும், ஏறக்குறைய 200 டிகிரி வெப்பத்தைச் சற்று நேரம் கண்ட பிறகுதான் முழுமையாக இறுகும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அந்த வெப்பத்தை எளிதில் தாண்டிவிடும். சுமையோடு ஓடும்போது 400 டிகிரிக்கு மேலும் போகும். டேப்பட் கவரோ பொதுவாக 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆகவே அதன் மேல் அடித்த சிலிக்கோன் பெயிண்ட் கடைசிவரை இறுகாமலே கிடந்து, நகம் பட்டால் கீறும், ஒரு சொட்டு பெட்ரோல் பட்டால் கரைந்து துணியோடு வந்துவிடும். உங்கள் இன்ஜினில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், பெட்ரோல் துளி விழாது என்று இருந்துவிடவும் முடியாது.

எனவே மேனிஃபோல்டுக்கு மட்டும் 600 டிகிரி பெயிண்டை வைத்துக்கொள்ளுங்கள். டேப்பட் கவருக்கு, 250 டிகிரி அளவுக்குத் தாங்கும் இன்ஜின் எனாமல் என்று தனியாக விற்கிறார்கள். எண்ணெயையும் பெட்ரோலையும் ஓரளவு தாங்குவது அதுதான். தின்னர் ஆவியாகி உலரும் சாதாரண டூகோ பெயிண்டை அந்த இடத்தில் அடிக்காதீர்கள். சூட்டில் மென்மையாகும், எண்ணெய் தேய்த்துத் துடைக்கும்போது மங்கும். பள்ளங்களை நிரப்ப பாடி பட்டி வைக்கும் எண்ணமும் வேண்டாம். சூடாவதும் ஆறுவதுமாக இருக்கும் தகட்டில் அது விரிசல் விட்டு, மேலே உள்ள வண்ணத்தையும் சேர்த்துத் தூக்கிவிடும்.

வண்ணத்தைவிட முன்வேலைதான் பெரிய வேலை, அதில் அவசரம் காட்டவே கூடாது. முதலில் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு பிசுக்கை எடுத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் ஊற்றி மண்ணெண்ணெய்ப் படலம் போகும்வரை கழுவ வேண்டும். நீங்கள் கடற்கரை ஊரில் இருப்பதால் நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசிவிடுங்கள். தகட்டில் உப்பு தங்கிவிட்டால், அது பெயிண்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக எழும்பும். சுத்தமான தகட்டில் தண்ணீர் விட்டால் அது முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாகப் பரவும். அப்படிப் பரவாத இடத்தில் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். அதன் பின் பழைய பெயிண்டை ரிமூவர் போட்டு எடுத்து, 80 எண் உப்புத்தாளில் துருவை நீக்கி, 180, 320 என்று மெருகேற்றுங்கள். பழைய வண்டிகளின் பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆகையால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல், தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதே நல்லது. கடைசியாகத் துடைக்க பனியன் வேஸ்ட்டை எடுக்காதீர்கள், அதன் நூல் தும்புகள் பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். தும்பு விடாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள்.

பேட்டரி தட்டை மட்டும் தேய்ப்பதற்கு முன்பே, சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நுரைப்பது நிற்கும்வரை அமிலத்தை முறியுங்கள். அதற்கு எபாக்சி பிரைமரும் எபாக்சி மேல்பூச்சுமே நீடிக்கும்.

கோவை_பவுடர்

துருவை எடுக்க சாண்ட் பிளாஸ்டிங் கொடுக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். ஏர் ஃபில்டர் டப்பாவையும் பேட்டரி தட்டையும் தாராளமாகக் கொடுக்கலாம். டேப்பட் கவரின் உட்புறத்தில் எண்ணெய் தெறிப்பதைத் தடுக்கும் தகடு வைத்து அடைத்திருந்தால் அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தத் தகட்டுக்குப் பின்னால் புகுந்த மணலை எவ்வளவு கழுவினாலும் முழுமையாக வெளியேற்ற முடியாது. வண்டி ஓடும்போது அது எண்ணெயோடு இறங்கி பேரிங்குகளைத் தின்றுவிடும்.

தட்டுக்கும் டப்பாவுக்கும் பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைப்பது) செய்தால் வீட்டுப் பூச்சைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். அதை ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி வரை அடுப்பில் சுடுவார்கள் என்பதால் ரப்பர், ஃபெல்ட், பிளாஸ்டிக் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

நாகை_அம்பாசிடர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 600 டிகிரி பெயிண்ட் குறைந்த சூட்டில் இறுகாது என்பது எனக்குப் புதிய செய்தி. டப்பா வாங்குவதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. மீதமிருக்கும் டூ-கே பெயிண்டை டேப்பட் கவருக்கு அடித்தால் தாங்குமா? மேனிஃபோல்டை வீட்டு அவனில் வைத்துச் சுடலாமா, அல்லது வண்டியில் பொருத்திய பிறகு இன்ஜினை ஓட்டியே சுடலாமா?

வண்ண_வேதியியல்

டூ-கே பி.யு. முழுமையாக இறுகிய பின் டேப்பட் கவரின் சூட்டைத் தாங்கும்; பெட்ரோலையும் எண்ணெயையும் எதிர்ப்பதில் ஸ்ப்ரே டப்பாக்களைவிட அது பல மடங்கு மேல். ஆனால் அதை வீட்டில் அடிக்க வேண்டாம் என்றே நான் வலியுறுத்திச் சொல்வேன். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது மூடுபனிபோல் பரவும் அந்தத் துகள்கள் நுரையீரலில் சேர்ந்தால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சுத் திணறும். கரி வடிகட்டி வைத்த மாஸ்க் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐசோசயனேட்டின் வாசனை நமக்குத் தெரிவதில்லை என்பதால், வடிகட்டி தீர்ந்து கசியத் தொடங்கினாலும் அதை அணிந்திருப்பவருக்குத் தெரியாது. வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடியும் வெளியேற்று விசிறி உள்ள அறையும் வைத்திருக்கும் பெயிண்ட் பூத்தில் அந்தக் கவரை மட்டும் கொடுத்து அடித்து வாங்குங்கள். வீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும் இருப்பார்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அடியில் எந்த பிரைமர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மேலே இன்ஜின் எனாமல் அடித்தால், அதே நிறுவனத்தின் வெப்பம் தாங்கும் பிரைமரை அடியில் கொடுங்கள். ரெட் ஆக்சைடு பூசி அதன் மேல் கடுமையான தின்னர் உள்ள பெயிண்டை அடித்தால், அடிப்பூச்சு சுருங்கி முதலைத் தோல்போல் எழும்பும். மேனிஃபோல்டுக்குச் சாதாரண பிரைமர் எதுவும் கூடாது, வெறும் இரும்பின் மேலேயே மெல்லியதாக இரண்டு கோட் அடிக்க வேண்டும். கெட்டியாக அடித்தால் சூட்டில் கொப்புளித்து உதிரும். அலுமினிய பிராக்கெட் இருந்தால் காஸ்டிக் சோடாவில் ஊற வைக்காதீர்கள், அலுமினியத்தை அது கரைத்துவிடும். அலுமினியத்தின் மேல் எபாக்சி பிரைமர் நன்றாகப் பிடிக்கும்.

சமையலுக்குப் பயன்படும் அவனில் எந்தப் பாகத்தையும் சுடக் கூடாது. பொருத்திய பிறகு வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டி, முழுவதும் ஆறவிட்டு, அடுத்த முறை இருபது நிமிடம் ஓட்டி, பிறகு சாலையில் ஓட்டுங்கள். தொடக்கத்தில் புகை வருவது இயல்பு. எனினும் கார்புரேட்டர் பக்கத்திலேயே இருப்பதால் பெட்ரோல் கசிவு இல்லை என்பதை முதலில் உறுதி செய்து, தீயணைப்பானை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு முன் முடிக்க நினைப்பது மிகவும் சரி. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டிய நாளில் ஸ்ப்ரே செய்தால், தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து அதன் மேல் ஈரம் படிந்து, வண்ணம் வெளுத்துப் பால் பூத்ததுபோல் ஆகிவிடும். காலை பத்து மணிக்கு மேல், வெயில் நேரடியாகப் படாத நிழலில், 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, முதல் கோட்டைத் தூவல்போல் அடியுங்கள். கோட்டுகளுக்கு இடையே எவ்வளவு நேரம் என்பதற்கு டப்பாவில் அச்சிட்டிருப்பதையே பின்பற்றுங்கள், பொது விதி எதுவும் இல்லை.

பழைய_பட்டறை

நண்பர் சொன்னவற்றோடு விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்துவிடுகிறேன். டேப்பட் கவரின் உட்புறத்தில் ஒரு துளி பெயிண்டும் படக் கூடாது; சூடான எண்ணெயில் அது உரிந்து கீழே இறங்கி எண்ணெயை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். கார்க் கேஸ்கெட் உட்காரும் விளிம்பை டேப் ஒட்டி மறையுங்கள். புதிய கேஸ்கெட் போட்டு, இரண்டு நட்டுகளையும் மிதமாக மட்டுமே முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் தகடு வளைந்து எண்ணெய் கசியும், புதுப் பெயிண்டும் அதோடு போகும். எர்த் கம்பி இணையும் இடங்கள் வெறும் உலோகமாகவே இருக்க வேண்டும். பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே எந்த வண்ணத்தையும் நம்பாதீர்கள், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் உரித்துவிடும். முதலில் கசிவைச் சரி செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இன்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் பொறித்த இடங்களைத் தேய்க்கவோ மூடிப் பூசவோ வேண்டாம். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டியிருக்கும். அங்கே அந்த எண்களை பென்சில் பிரிண்ட் எடுத்துச் சரிபார்ப்பார்கள். கழற்றுவதற்கு முன்பே அந்த இரண்டு இடங்களிலும் கிரீஸ் தடவி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.