கோத்தகிரியிலிருந்து கோவைக்கு மாறுகிறோம், கணக்கில் ஆர்வமுள்ள மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

கோத்தகிரி அம்மா:

வணக்கம். என் வீட்டுக்காரர் கோத்தகிரி பக்கம் டீ பாக்டரியில் ஃபிட்டர். இலை வரத்து குறைந்து வாரத்தில் பாதி நாள் மிஷின் ஓடுவதில்லை. கோவை கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பேசியாயிற்று, மாதம் 22,000 ரூபாய். மே மாதம் வீடு மாறவேண்டும்.

மகள் 7ஆம் வகுப்பு, அரசுப் பள்ளி, தமிழ்வழி. கணக்கு அவளுக்கு விளையாட்டு மாதிரி. போன வருடம் பள்ளியில் ஊட்டி பக்கம் உள்ள முத்தொரை ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். 530 மீட்டர் நீளமானதை ஏன் சமதளத்தில் வைக்காமல் மலைச்சரிவில் வைத்தார்கள் என்று கேட்டிருக்கிறாள். ஊட்டியின் அட்சரேகை ஏறக்குறைய 11 பாகை, சரிவும் அதே அளவு, அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது, ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் நகரும் ஒரு பொருளை மணிக்கணக்காகப் பின்தொடரலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பாகைமானியில் நூலும் கல்லும் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள தேயிலைச் சரிவை எல்லாம் அளந்தாள். 23, 31, 17 என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவளுக்குக் கணக்கு எடுத்த பட்டதாரி ஆசிரியர் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு என்றார்கள். இப்போது இன்னொரு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் வாரம் இரண்டு நாள் ஒருவர் வருகிறார். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். 2024-25இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு ஒன்றிய அரசிடமிருந்து வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றபோது, அது எங்கள் பள்ளிவரை எப்படி இறங்கியது என்பதைக் கூட்டத்துக்குக் கூட்டம் பார்த்தேன். ஆய்வகத்துக்குக் கேட்ட சாமான் வரவில்லை. தூரத்துப் பிள்ளைகளை ஏற்றிவந்த வண்டிக்குக் காசு தாமதமானது. வண்டி நின்ற வாரம், காட்டெருமை நிற்கும் பாதையில் மூன்று பிள்ளைகள் நடந்து வந்தார்கள்.

இப்போது என் முன்னால் மூன்று வழி. கோவையில் ஒரு தனியார் பள்ளி, 8ஆம் வகுப்பிலிருந்தே ஐஐடி நுழைவுத் தேர்வுக்கான பவுண்டேஷன் வகுப்பு, வருடம் 1,10,000 ரூபாய் கேட்கிறார்கள், நகையை அடகு வைத்தால் முதல் வருடம் கட்டலாம். இரண்டாவது, கணபதி பக்கம் அரசுப் பள்ளியோ மாநகராட்சிப் பள்ளியோ. மூன்றாவது, 8ஆம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு முடியும்வரை இவளை மட்டும் இங்கே என் அம்மாவிடம் விட்டுப் போவது. மூன்றாவதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. மாறியவர்கள் சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து வந்தவள்:

சகோதரி, நாங்கள் மூன்று வருடம் முன்பு இறங்கினோம். மகன் 5ஆம் வகுப்புவரை குன்னூரில் அரசுப் பள்ளி. இங்கே வந்ததும் 6ஆம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்த்தோம். பணம் கட்டிச் சேர்த்தது, கல்வி உரிமைச் சட்டத்தில் கிடைக்கும் இலவச இடம் அல்ல. வாரா வாரம் டெஸ்ட், மார்க்கைப் பார்த்து செக்ஷன் மாற்றுவார்கள். இரண்டாம் மாதம் இவனை சி செக்ஷனுக்கு அனுப்பினார்கள். ஆங்கிலம் பிடிபடவில்லை, அதுதான் காரணம், கணக்கு அல்ல. வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. இப்போது 9ஆம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டோம், நன்றாகப் படிக்கிறான்.

ஆனால் ஒன்று போனது போனதுதான். மருத்துவத்திலும் பொறியியலிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியாரில் 8 வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. எங்களுக்கு அது இல்லை. சேர்க்கும்போது யாரும் எங்களிடம் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. உங்கள் மகளுக்கு 6, 7 இரண்டும் அரசுப் பள்ளியில் முடிகிறது. அதை அறுத்துவிடாதீர்கள்.

கூடலூர் கணக்கு ஆசிரியர் (ஓய்வு):

அம்மா, முதலில் உங்கள் மூன்றாவது வழியை எடுத்துப் போட்டுவிடுங்கள். என்.எம்.எம்.எஸ். எழுத மலையிலேயே இருக்க வேண்டியதில்லை. 8ஆம் வகுப்பை அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளி எதில் படித்தாலும் அந்தப் பள்ளி மூலமாகவே விண்ணப்பிக்கலாம். 7ஆம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும், பட்டியலினப் பிள்ளைகளுக்கு 50. குடும்ப வருமானம் வருடம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும், 22,000 சம்பளம் என்றால் 2,64,000, தாராளமாக உள்ளே வருகிறீர்கள். தேர்வானால் 9 முதல் 12 வரை வருடம் 12,000 ரூபாய். தனியார் பள்ளியில் சேர்த்தால் இந்தத் தேர்வையே எழுத முடியாது. பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்து எழுதவைக்கும் அளவுக்குப் பெரிய தேர்வும் அல்ல இது.

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்ற வித்தியாசத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மாநகராட்சிப் பள்ளி 7.5 சதவீதத்துக்கு அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும். உதவி பெறும் பள்ளி வராது. என்.எம்.எம்.எஸ்.க்கு இரண்டும் வரும். தமிழ்வழி உதவி பெறும் பள்ளி என்றால் பின்னால் கல்லூரியில் படிக்கும்போது புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள்.

இனி பிள்ளையின் விஷயம். வகுப்பறையில் நாங்கள் மெல்லக் கற்போர், மீத்திறன் மாணவர் என்று இரண்டு பட்டியல் எழுதுவோம். முதல் பட்டியலுக்குத் தனி வகுப்பு, தனிப் பயிற்சித்தாள் எல்லாம் உண்டு. இரண்டாவது பட்டியலுக்கு நான் என் பணிக்காலம் முழுவதும் செய்தது, "முடித்துவிட்டாயா, பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடு" என்பதுதான். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம். நம் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைக்கென்று எந்தப் பள்ளியிலும் தனி ஏற்பாட்டை எதிர்பார்க்காதீர்கள், 1,10,000 கொடுத்தாலும் கிடைப்பது பெரும்பாலும் 11ஆம் வகுப்புப் பாடத்தை 8ஆம் வகுப்பில் ஓட்டுவதுதான். அவளுக்கு வேகம் தேவையில்லை, ஆழம் தேவை. 8ஆம் வகுப்பு வந்தால் கணித ஒலிம்பியாட் தகுதித் தேர்வான ஐ.ஓ.க்யூ.எம். எழுதலாம், விடைகள் எல்லாம் இரண்டு இலக்கத்துக்குள் வரும் முழு எண்கள். முதல் முறை ஒன்றிரண்டு போட்டாலே சந்தோஷப்படுங்கள். பழைய தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன, ஆங்கிலத்தில் இருக்கும், நீங்கள் இருவரும் சேர்ந்து அகராதி வைத்துப் படியுங்கள். அப்புறம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழுக்குச் சந்தா கட்டுங்கள். கோவையில் மண்டல அறிவியல் மையம் இருக்கிறது, மலையில் கிடைக்காத வசதி.

அவளிடம் என் சார்பாக ஒரு கேள்வி கேளுங்கள்: அதே தொலைநோக்கியை டெல்லியில் கட்டியிருந்தால் எவ்வளவு சரிவான மலை வேண்டும்?

ஈரோடு தோழி:

சாரிடம் மரியாதையோடு மாறுபடுகிறேன். சலுகையில் பெரும்பகுதி 12ஆம் வகுப்புக்குப் பிறகு வருவது. பிள்ளைக்குப் பசி இன்றைக்கு. வாரம் இரண்டு நாள் கணக்கு ஆசிரியர் என்ற நிலை கோவை அரசுப் பள்ளியில் இருக்காது என்று யார் உறுதி தருவது? நிதி நின்றது மாநிலம் முழுவதற்கும்தானே. என் தங்கை மகள் இரண்டு வருடம் சும்மா உட்கார்ந்தே கணக்கை வெறுத்துவிட்டாள்.

மாதிரிப் பள்ளி மாணவி:

அக்கா, நான் பந்தலூர் பக்கம். 9ஆம் வகுப்பில் அரசு மாதிரிப் பள்ளிக்குத் தேர்வாகி விடுதியில் தங்கிப் படித்தேன். 9 முதல் 12 வரை உண்டு, இப்போது எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். முதல் மாதம் தினமும் அழுதேன், உண்மை. பிறகு என்னைப் போலவே கணக்குப் பைத்தியமாக நாலு பேர் கிடைத்தார்கள். அதற்கு முன் எனக்கு அப்படி ஒருத்தரும் இருந்ததில்லை. இப்போது 7.5 சதவீதத்தில் பொறியியல், கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. தங்கச்சியை ஒரு வருடம் கோவையில் உங்களோடு வைத்திருந்து, 9ஆம் வகுப்புக்கு இதை யோசியுங்கள்.

கோத்தகிரி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஈரோடு தோழி கேட்டது என்னை ராத்திரி தூங்கவிடவில்லை, அது நியாயமான கேள்வி. அதனால் சனிக்கிழமை கோவை போய் கணபதி சுற்றி உள்ள மூன்று பள்ளிகளைப் பார்க்கிறோம். 8ஆம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் நிரந்தரப் பணியிடத்தில் இருக்கிறாரா, மாற்றுப்பணியா என்பதைத்தான் முதலில் கேட்பேன். பிள்ளைகள் எண்ணிக்கையும் கேட்பேன், குறைவாக இருந்தால் பணி நிரவலில் அவரும் போய்விடுவார் என்று எனக்கு இப்போது தெரியும். நகை பீரோவிலேயே இருக்கட்டும். அம்மாவிடம் விடும் பேச்சும் இல்லை.

சார், உங்கள் கேள்வியைக் கேட்டேன். பள்ளியில் வாங்கிய அட்லஸை எடுத்துப் பார்த்து 28 பாகைக்குக் கொஞ்சம் மேலே என்றாள், நம் தேயிலைச் சரிவில் 31 இருக்கிறதே, அதைவிடக் கொஞ்சம் சாய்வு குறைவு என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்கு வந்து, "அப்போ நிலநடுக்கோட்டில் கட்டினால் மலையே வேண்டாமா அம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களிடமே கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.