சூறாவளிக்குப் பின் மின்சாரம் இல்லாத நாட்களில் இன்சுலினைக் காப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர் ஒருவர் இருப்பதால், சூறாவளிக்குப் பின் பல நாட்கள் மின்சாரம் வராவிட்டால் அம்மருந்தை எவ்வாறு காப்பது என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். பயன்பாட்டிலுள்ள இன்சுலின் வகைகளில் பெரும்பாலானவை 30 டிகிரி செல்சியசுக்கு மிகாத வெப்பத்தில் ஏறத்தாழ 28 நாட்கள் தாங்கும் என்பதையும், உறைந்துபோனதைப் பயன்படுத்தவே கூடாது என்பதையும் அறிவேன். வெப்பம் அதையும் தாண்டினால் என்ன செய்வது என்பதே என் பெருங்கவலை. ஜெனரேட்டரின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றியே உயிரைப் பறிக்கும் என்பதால், அதை வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளித் திறந்தவெளியில்தான் இயக்க வேண்டும். ஆகவே காற்று ஓயும்வரை அதை நம்ப இயலாது. வெளியேறும்படி உத்தரவு வந்தால், முகாமில் மருந்துக்குக் குளிர்பதன வசதி உண்டா என்பதை முன்கூட்டியே யாரிடம் கேட்டறிவது?