மறு: ‘ட்ரௌத்’ – வாய்மை போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆர்தர் அரசனின் வீரன் கவெய்னையும் பச்சை வீரனையும் பற்றிய கதைப்பாடலில் வரும் ‘ட்ரௌத்’ (trawthe) என்ற இடைக்கால ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க ‘வாய்மை’ போதும் என்று இந்த இழையில் பலரும் முடிவுகட்டிவிட்டீர்கள். எனக்கு ஒப்பவில்லை.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயர் தெரியாத ஒருவர் பாடியது அது. கவெய்னின் கேடயத்தில் உள்ள ஐமுனை விண்மீன்தான் ட்ரௌத்தின் சின்னம். அதன் கோடு எங்கும் அறுபடாமல் ஓடுகிறது. கொடுத்த வாக்கு, அரசன் மீதான பற்று, இறைநம்பிக்கை, பெண்களிடம் காட்டும் பண்பு எல்லாம் அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று விட்டுப்போனால் மற்றதும் நிற்காது.

அப்புறம் மாளிகைக் காட்சி. பச்சை வீரனின் கோடரி வெட்டை ஏற்பதாகக் கொடுத்த வாக்கைக் காக்கப் போகும் வழியில் கவெய்ன் அங்கே விருந்தாளியாகத் தங்குகிறான். அன்றன்று கிடைத்ததை மாலையில் மாற்றிக்கொள்வது என்று மாளிகைத் தலைவனோடு ஒப்பந்தம். தலைவனின் மனைவி தந்த முத்தங்களைக் கவெய்ன் மூன்று நாளும் ஒழுங்காக அவனிடம் சேர்த்துவிடுகிறான். மூன்றாம் நாள் உயிர் காக்கும் என்று அவள் கொடுத்த பச்சைக் கச்சையை மட்டும் மறைக்கிறான். இதனால் யாருக்கும் தீங்கில்லை. குறள் சொல்லும் வாய்மை, தீமை இல்லாத சொல். அந்த அளவுகோலில் கவெய்ன் ஏறக்குறையத் தப்பிவிடுவான். கவிஞர் தப்பவிடவில்லை. மாளிகைத் தலைவன்தான் பச்சை வீரன், மறைத்ததற்காக அவனுடைய கோடரி கவெய்ன் கழுத்தில் கீறுகிறது. வாய்மை என்று எழுதினால் அந்தக் கீறலுக்குக் காரணமே இல்லாமல் போகும்.

வாய்மைக்குப் பதில் ‘மெய்ப்பற்று’ என்று வைக்கலாமா என்றால், அழகான சொல்தான். ஆனால் மெய் உடலையும் குறிக்கும். கவெய்ன் வழுக்கியதே உயிர் மேலுள்ள ஆசையால். அதனால்தான் உன்னை அதிகம் குறை சொல்லமாட்டேன் என்கிறான் பச்சை வீரன். கவெய்னைச் சறுக்க வைத்ததையே அவனுடைய அறத்துக்குப் பெயராக வைப்பதா?

‘சத்தியம்’ நெருங்கி வருகிறது, ஆணையும் உண்மையும் அதில் சேர்ந்திருக்கின்றன. அரசனிடம் காட்டும் பற்று மட்டும் அதில் சரியாக உட்காரவில்லை.

என் பரிந்துரை ‘சொல்லறம்’. இல்லறம், துறவறம் போல ஒரு வாழ்நெறியின் பெயர். ‘கவெய்ன் சொல்லறம் பிழைத்தான்’ என்று இயல்பாக எழுதலாம். அதே காலத்து ஆங்கிலக் கவிஞர் சாசரிடமும் இது பொருந்துகிறது. அவருடைய ‘பிராங்க்ளின் கதை’யில் தன் மனைவி விளையாட்டாகக் கொடுத்த வாக்கைக்கூடக் காக்கச் சொல்லி, ட்ரௌத்தைவிட உயர்ந்தது இல்லை என்று அழுகிறான் ஆர்வெராகஸ். அங்கே ‘வாய்மை’யைப் போட்டுப் படித்துப் பாருங்கள், அவன் ஏன் அழுகிறான் என்றே புரியாது.

சொல்லறத்தைப் புறங்கூறாமை, இன்சொல் என்று யாரும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, முதலில் வரும் இடத்தில் ‘கொடுத்த சொல்லையும் கொண்ட பற்றையும் காத்தல்’ என்று விளக்கிவிடலாம். விண்மீனின் ஐந்து பண்புகளில் ஒன்றான ‘பிட்டே’க்கு (இரக்கம்) ‘கண்ணோட்டம்’ போடலாம் என்று நினைக்கிறேன். இன்னொரு பண்பான ‘கோர்ட்டஸி’க்குப் (பிறரிடம் நயமாக நடத்தல்) ‘பணிவு’ என்று நம் சொற்பட்டியலில் இருப்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மாளிகைத் தலைவனின் மனைவியைப் புண்படுத்தாமல் மறுக்கக் கவெய்ன் படும் பாடு பணிவில் அடங்காது.