பிரேக்கை மிதித்தால் ட்ரெய்லர் லைற் மங்குகிறது, உதவி தேவை

கேள்வி:
எல்லோருக்கும் வணக்கம். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். வீட்டுத் தோட்டத்துக்கு மண்ணும் பசளையும் ஏற்றலாம் என்று 4 அடிக்கு 8 அடி பழைய ட்ரெய்லர் ஒன்று வாங்கினேன். காரோடு இணைப்பது நான்கு முனைத் தட்டைச் சொருகி. லைற்றைப் போட்டால் ட்ரெய்லரின் பின் லைற் இரண்டும் மங்கலாகத்தான் எரிகின்றன. பிரேக்கை மிதித்தால் கூடுதல் வெளிச்சம் வரவேண்டும், ஆனால் இன்னும் மங்குகிறது. இடது சிக்னல் போட்டால் வலது பக்கமும் சேர்ந்து துடிக்கிறது. பல்ப் இரண்டும் மாற்றிவிட்டேன். காரின் லைற்றுகளில் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை 401 நெடுஞ்சாலையில் பிள்ளைகளோடு போகவேண்டும். நான் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1:
உங்கள் காரில் பிரேக் சிவப்பு, சிக்னல் மஞ்சள் என்று தனித்தனியாக இருக்கிறதா? நான்கு முனை முறையில் பிரேக்கும் சிக்னலும் ஒரே வயரில்தான் போகும். அதனால் காரில் தனித்தனியாக இருந்தால், இரண்டையும் ஒன்றாக்கும் கன்வேர்ட்டர் பெட்டி ஒன்று இடையில் இருக்கும். ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லைற்றால் (மின்சாரம் வந்தால் எரியும் சிறு சோதனை விளக்கு) காரின் சொருகியை மட்டும் பாருங்கள். மூடாமல் நீட்டிக்கொண்டிருக்கும் முனை ஏர்த் (மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் வழி), அதில் கிளிப்பை மாட்டுங்கள். மண்ணிறம் பின் லைற், மஞ்சள் இடது, பச்சை வலது. மூன்றும் பளிச்சென்று எரிந்தால் கார்ப் பக்கம் சரி.

பதில் 2:
தம்பி, எனக்கு இது ஏர்த் பிழை போலத்தான் தெரிகிறது. ஒரே பல்ப்புக்குள் பின் லைற் இழையும் பிரேக் இழையும் இருக்கின்றன. இரண்டுக்கும் திரும்பும் வழி ஒன்றுதான். அந்த வழி கறளால் அடைபட்டால், பிரேக்கை மிதிக்கும்போது இன்னும் கூடுதல் மின்சாரம் அதே இடுக்கால் போகப் பார்க்கும். அப்போது எல்லாமே மங்கும். வலது பக்கம் துடிப்பதும் அதனால்தான். பல்ப்பை எத்தனை முறை மாற்றினாலும் பலனில்லை. லைற்றைப் போட்டுவிட்டு, மீற்றரின் ஒரு முனையைக் கார்ப் பற்றரியின் நெகட்டிவிலும் மற்றதைப் பல்ப் மாட்டும் உலோகக் கூட்டிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த வழியில்தான்.

கேட்டவர்:
கார்ச் சொருகியில் மூன்றும் நன்றாக எரிகின்றன. மீற்றர் 5.1 வோல்ட் காட்டுகிறது! ஆனால் ஏர்த்தான வெள்ளை வயரைக் கழற்றி, ட்ரெய்லரின் முன் தண்டில் வயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்துத் திரும்ப முடுக்கினேன், அப்படியேதான் இருக்கிறது. இன்னொன்று, மண் ஏற்றியபோது கொஞ்சம் தெளிவாக எரிந்தது போல இருந்தது.

பதில் 2:
உங்கள் ட்ரெய்லரின் தட்டு, மண் கொட்டுவதற்குப் பின்பக்கம் சாயுமா? அப்படியென்றால் விடை அந்த மண்ணில்தான் இருக்கிறது. வெள்ளை வயர் முன் தண்டோடு நின்றுவிடுகிறது. லைற்றுகளோ தட்டில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருப்பது பிணைச்சல் ஆணி மட்டும். உப்புப் போட்ட தெருக்களில் ஓடி அது கறள் கட்டியிருக்கும். பாரம் ஏறினால் அழுத்தத்தில் கொஞ்சம் தொடும், வெறுமையானால் விடும். இரும்புச் சட்டத்தை நம்பவேண்டாம். வெள்ளை வயரிலிருந்து புது வயர் ஒன்றை இரண்டு லைற்றுகளுக்கும் நேராக இழுங்கள். பிணைச்சல் இருக்கும் இடத்தில் தட்டு சாயும் அளவுக்குத் தளர்வு விடுங்கள், இல்லாவிட்டால் முதல் தடவை மண் கொட்டும்போதே அறுந்துவிடும். இணைப்புகளுக்குப் சூடாக்கினால் சுருங்கும், உள்ளே பசையுள்ள குழாய் போடுங்கள். வெறும் டேப் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது.

கேட்டவர்:
அண்ணா, சாய்கிற ட்ரெய்லர்தான்! புது வயர் இழுத்தேன், மீற்றர் இப்போது 0.1 காட்டுகிறது. மனைவி பின்னால் நின்று பார்த்தார். லைற், பிரேக், இரண்டு சிக்னல் எல்லாம் தனித்தனியே சரியாக எரிகின்றன. கன்வேர்ட்டர் பெட்டி வாங்கக் கடைக்குக் கிளம்பியே விட்டேன், நல்ல வேளை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

பதில் 1:
நல்லது. சனிக்கிழமை புறப்பட்டதும், நெடுஞ்சாலை ஏறுவதற்குள் ஒருதடவை நிறுத்தி மறுபடியும் பாருங்கள்.