வீட்டில் ஒட்டிய ட்ரம் மெஷின்: எங்கே பிழை வந்தது, எப்படிப் பிடிபட்டது

கல்லடி கீபோர்ட்

கல்யாண வீடு, பிறந்தநாள், கோயில் மேடை என்று கீபோர்ட் வாசிப்பவன் நான். கீபோர்டுக்குள் தாளத்துக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாமே பதிவுசெய்து அடைத்த சத்தம், அது பிறக்கிற இடத்தில் கைவைக்க முடியாது. அதனால் சத்தத்தை மின்சுற்றிலேயே பிறப்பிக்கும் அனலாக் ட்ரம் மெஷின் ஒன்றை, பாகம் பாகமாக வரும் கிட்டாக எடுப்பித்து, நானே ஈயம் வைத்து ஒட்டினேன். பேஸ் ட்ரம், ஸ்நேர், ஹைஹெட், கௌபெல் என்று நாலு சத்தம். வேகத்துக்கு 555 என்கிற ஐசி, எட்டுப் படியாக ஓடுவதற்கு 4017 என்கிற ஐசி. இதே வேலையில் இறங்கியவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருப்பீர்கள் என்று தெரியும். என் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

இந்த வகைக் கிட்டுகளுக்குத் தாய்வீடு ரோலண்ட் கொம்பனியின் டிஆர்-808. 1980இல் வந்து 1983இல் உற்பத்தி நின்ற மெஷின். மொத்தமே 12,000 அளவில்தான் செய்தார்கள். உண்மையான ட்ரம் போல இல்லை என்று அப்போது பலர் ஒதுக்கினார்கள். அந்த ‘இல்லாத’ சத்தத்துக்குத்தான் பிறகு ஹிப்ஹொப்காரர்கள் அலைந்தார்கள். அசல் ஒன்றின் இன்றைய விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

ஒட்டி முடித்து முதல் தரம் கறண்ட் கொடுத்ததும் ஸ்நேர் வந்தது, ஹைஹெட் வந்தது. பேஸ் ட்ரம் மட்டும் மரக்கட்டையில் தட்டியதுபோல ‘டொக்’ என்றது. இந்தச் சத்தத்தைச் செய்வது பிரிட்ஜ்ட்-டி என்கிற சின்ன வலை: ஒரே அளவான இரண்டு கப்பாசிட்டர், இரண்டு றெசிஸ்டர், ஒப்ஆம்ப் என்கிற பெருக்கி ஐசி ஒன்று. ஒரு துடிப்பு போய் இடித்தால் கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்கும். என் போர்ட்டில் றெசிஸ்டர்கள் 1 மெகா ஓமும் 47 கிலோ ஓமும். கப்பாசிட்டர் 15 நானோ ஃபாரட் என்றால் கணக்குப்படி ஏறக்குறைய 49 ஹேர்ட்ஸ் வரவேண்டும். கப்பாசிட்டரின் முதுகைப் பார்த்தால் 152. அதாவது 1.5 நானோ, பத்தில் ஒரு பங்கு. சத்தம் பத்து மடங்கு மேலே, 490 ஹேர்ட்ஸ் பக்கம் போய்விட்டது. பையில் ஒட்டியிருந்த சீட்டில் 153, அதாவது 15 நானோ என்று அழகாகத்தான் அச்சடித்திருந்தார்கள்! இரண்டையும் கழற்றி, பழைய அம்ப்ளிஃபயர் போர்ட் ஒன்றிலிருந்து எடுத்த 153ஐப் போட்டதும் மேசை அதிர்ந்தது. கிட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பையின் சீட்டை நம்பாதீர்கள், பொருளின் மேல் எழுதியிருப்பதை வாசியுங்கள், முடிந்தால் மீட்டரில் அளந்துவிட்டே ஒட்டுங்கள். நீல நிற மெட்டல் ஃபிலிம் றெசிஸ்டர்களில் பழுப்பு எது, சிவப்பு எது என்று குண்டு பல்ப் வெளிச்சத்தில் கடவுளுக்கும் தெரியாது.

இரண்டாவது சிக்கல்தான் என்னை உலுப்பிப் போட்டது. பகலில் எல்லாம் ஒழுங்கு. மாலை ஏழு மணி தாண்டினால் ஸ்நேரின் ‘ஸ்ஸ்’ போய்விடும், ஹைஹெட் முழுதாகவே ஊமை. பேஸ் ட்ரம் மட்டும் ஒன்றும் நடவாததுபோல அடித்துக்கொண்டிருக்கும். இரவு பதினொன்றுக்குப் பிறகு எல்லாம் திரும்பி வரும். வீட்டில் அம்மா சொன்ன காரணத்தை இங்கே எழுதவில்லை.

ஸ்நேருக்கும் ஹைஹெட்டுக்கும் வேண்டிய இரைச்சலை ஒரு ட்ரான்சிஸ்டர்தான் தருகிறது. பிசி 547 ஒன்றைத் தலைகீழாகப் பூட்டி, மூன்று காலில் கலெக்டரை எங்கும் தொடுக்காமல், எமிட்டர் காலுக்கும் பேஸ் காலுக்கும் இடையில் எதிர்த்திசையில் வோல்ட் கொடுக்கிறார்கள். ஒரு அளவுக்கு மேல் அந்தச் சந்தி உடைந்து கொஞ்சம் கறண்ட்டைக் கசிய விடும், அந்தக் கசிவுதான் இரைச்சல். என்னுடையது உடைந்தது எட்டரை வோல்ட் கிட்ட. போர்ட்டில் வோல்ட்டை ஒன்பதில் நிறுத்தும் 7809 ரெகுலேட்டர் இருக்கிறது, 9 வோல்ட் வந்தால் பிரச்சினையில்லை. கிட்டோடு தந்த அடப்டர் பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் வகை. பாரம் குறைவென்பதால் பகலில் 12 வோல்ட் காட்டும். எங்கள் ஒழுங்கையில் மாலையில் லைன் கறண்ட் 230 வோல்ட்டிலிருந்து இறங்கி 190இல் நிற்கும், அப்போது அடப்டர் பத்துக்கும் கீழே. 7809க்கு உள்ளே போவது வெளியே வருவதைவிட 2 வோல்ட்டாவது கூட இருக்கவேண்டும். எட்டு வோல்ட் போலத்தான் வெளியே வரும், அதில் ட்ரான்சிஸ்டர் உடையாது, இரைச்சல் இல்லை. பேஸ் ட்ரமுக்கு எட்டு வோல்ட்டே தாராளம். ரவுட்டருக்குப் பாவிக்கும் 12 வோல்ட் ஸ்விட்ச்-மோட் அடப்டர் ஒன்றை மாட்டினேன், மாலைப் பேய் ஓடிவிட்டது.

இப்போது மிச்சம் கௌபெல். இரண்டு சதுர அலையைக் கலந்து செய்யும் சத்தம் அது. 808இல் 540, 800 ஹேர்ட்ஸ். என்னுடையதில் இரண்டும் கிட்டக்கிட்ட வந்து சைக்கிள் மணி மாதிரிக் கேட்கிறது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

கல்முனை ரிப்பேர்

தம்பி, அந்த அடப்டர் கதை நம்ம கடைக்கு வாரவங்க பாதிப்பேருடைய கதை. அம்ப்ளிஃபயர் இரைகிறது, ரேடியோ மாலையில் தூங்குகிறது என்று கொண்டுவருவார்கள். ஐசியைக் குறை சொல்வதற்கு முன்னால் மீட்டரை 7809இன் இரண்டு பக்கமும் வைத்துப் பார்ப்பது நல்லது.

இரைச்சல் ட்ரான்சிஸ்டர் பற்றி ஒன்று. எல்லா பிசி 547உம் ஒரே இடத்தில் உடையாது. பத்துப் பதினைந்தை ஒரு சொக்கெட்டில் மாற்றி மாற்றிப் போட்டு, குறைந்த வோல்ட்டில் கூடுதலாக இரைகிறதை எடுங்கள். மற்ற வேலைக்கு ஆகாததுதான் இங்கே நல்ல சாமான். 808க்கே ரோலண்டை நிறுவிய ககெஹாஷி, பிழையென்று ஒதுக்கிய ட்ரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் போட்டார் என்றும், ட்ரான்சிஸ்டர் செய்கிறவர்கள் திருந்தி நல்லதாகச் செய்யத் தொடங்கியதும் அந்தச் சாமான் கிடைக்காமல் மெஷினே நின்றது என்றும் சொல்வார்கள்.

நான் பார்த்த கேஸ் வேறு. ஒலுவில் பக்கம் ஒரு பெடியன் இதேபோல ஒரு கிட் ஒட்டியிருந்தார். கச்சான் காற்று வீசுகிற காய்ந்த மாதங்களில் பேஸ் ட்ரம் ‘தூம்ம்’ என்று நீளும். மாரி தொடங்கினால் ‘டப்’ என்று நறுக்கென்று நிற்கும், சுருதியும் ஏறும். ஒப்ஆம்பை மாற்றிவிட்டார், கப்பாசிட்டரை மாற்றிவிட்டார், பிறகு என்னிடம் கொண்டுவந்தார். போர்ட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியெல்லாம் பிசின். டின் ஒட்டுகிற பேஸ்டைப் பூசி ஒட்டியிருக்கிறார், துடைக்கவேயில்லை. வீடோ கடற்கரையில். உப்புக் காற்றும் ஈரமும் அந்தப் பேஸ்டில் ஊறினால் அதுவே ஒரு றெசிஸ்டர். சாதாரண இடத்தில் இது தெரியாது. இங்கே 1 மெகா ஓம் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தால் இன்னொரு மெகா ஓம் கசிந்தால் சரிபாதி. சுருதி 49இலிருந்து 69க்கு ஏறும், அதிர்வும் சீக்கிரம் செத்துப்போகும்.

ஐசோப்ரோப்பைல் அல்ககோலும் பழைய பல் பிரஷும் எடுத்து இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து, மேலே வார்னிஷ் ஸ்ப்ரே ஒரு கை. அந்த மாரியில் அவருடைய பேஸ் ட்ரம் சுருதி மாறவில்லை. கை கழுவுகிற சானிடைசரைக் கொண்டு துடைக்காதீர்கள். அதில் கிளிசரினும் தண்ணீரும் இருக்கும், பிசினுக்கு மேல் பிசின். டின் பேஸ்ட் வாளி ஒட்டத்தான், போர்ட்டுக்கு ரொசின் உள்ள ஈயக்கம்பி மட்டும்.

கௌபெல்லுக்கு ஐசி என்ன போட்டிருக்கிறீர்கள்? நம்பரைச் சொல்லுங்கள்.

டச்பார்

என் பிரச்சினை பழுது இல்லை. மெஷின் சொன்னபடிதான் ஓடியது, எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. எங்கள் வீடுகளில் கல்யாணமென்றால் பைலா, கப்ரிஞ்ஞா ஆட்டப் பாட்டுகள் இல்லாமல் முடியாது. அது ஆறு எண்ணிக்கை. எட்டுப் படி மெஷினில் பைலா போட்டால் முடவன் ஆடுவதுபோல இருக்கும்.

4017ஐ யாரும் சரியாக விளக்கிச் சொல்வதில்லை. 555 தரும் கடிகாரத் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் பத்துக் காலில் ஒன்று முறைவைத்து உயரும், அவ்வளவுதான். எட்டோடு திரும்பவேண்டுமென்றால் ஒன்பதாவது வெளியீட்டை, அதாவது 9ஆம் காலை, ரீசெட்டான 15ஆம் காலோடு தொடுப்பார்கள். அந்தக் கம்பியைக் கழற்றி 5ஆம் காலில் போட்டேன், ஆறோடு திரும்பியது. பேஸ் ட்ரம் ஒன்றிலும் நாலிலும், ஹைஹெட் ஒன்று, மூன்று, ஐந்தில். இரண்டுக்கு எதிராக மூன்று ஓடுகிற அந்த இழுவைதான் பைலா. கிற்றார் எடுத்துக்கொண்டு மச்சான் உடனே வந்து உட்கார்ந்துவிட்டான்.

பிறகு ஆசை கூடி, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று மாற்ற ஒரு ரோட்டரி சுவிட்ச் வைத்தேன். 1ஆம் கால் ஐந்துக்கு, 5 ஆறுக்கு, 6 ஏழுக்கு, 9 எட்டுக்கு. அதற்குப் பிறகு சுவிட்சைத் திருப்பும்போதெல்லாம் தாளம் தறிகெட்டது, சிலநேரம் கையைக் கிட்டக் கொண்டுபோனாலே போதும். சுவிட்ச் ஒரு இடத்திலிருந்து மறு இடத்துக்குப் போகும் இடைவெளியில் ரீசெட் கால் எதிலும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. 4017 போன்ற சீமோஸ் வகை ஐசியின் கால் அப்படி நின்றால் ஊரில் உள்ள 50 ஹேர்ட்ஸ் முழுவதையும் பிடிக்கும். ரீசெட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோ ஓம், அமைதி. 13ஆம் காலையும் பாருங்கள், கிரவுண்டில் இல்லாவிட்டால் எண்ணிக்கை தன்பாட்டில் நிற்கும், ஓடும்.

ஆரையம்பதி மத்தளம்

அங்கிள், ஏழுக்கும் வழி வைத்ததற்கு நன்றி. மிஸ்ர சாப்புக்கு அது போதும். எனக்கு வேண்டியது கூத்துத் தாளக்கட்டு. அப்பப்பா வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடித்தவர், வீட்டில் எல்லோருக்கும் காது கூர்.

பேஸ் ட்ரம் வலையையே இரண்டாகச் செய்து, ஒன்றை மத்தளத்தின் தடித்த பக்கத்துக்கும் மற்றதைக் கப்பாசிட்டர் குறைத்து வலந்தலை என்கிற வலது பக்கத்துக்கும் வைத்தேன். ஒற்றை அடிகள் நன்றாகவே வந்தன. ‘தகதக’ என்று அடுத்தடுத்த படிகளில் ஒரே பக்கத்தை வைத்தால் முதல் அடி மட்டும் கேட்கும், இரண்டாவதைக் காணவில்லை! நாலு படியிலும் வைத்தாலும் ஒரே அடிதான். ஒரு படி விட்டு ஒரு படியாக வைத்தால் எல்லாம் கேட்கும்.

காரணம் 4017இன் ஒழுங்கிலேயே இருக்கிறது. ஒரு கால் இறங்குகிற அதே நொடியில் அடுத்த கால் ஏறுகிறது. இரண்டும் டயோட் வழியாக ஒரே கம்பியில் சேரும்போது அந்தக் கம்பி இறங்கவே இல்லை, தொடர்ந்து மேலேயே நிற்கிறது. வலைக்கு வேண்டியது ஏற்றம். ஏற்றம் ஒருமுறைதான் நடந்தது, அடியும் ஒன்றுதான். ஒரு 4081 வாங்கி, ஒவ்வொரு சத்தத்தின் கம்பியையும் கடிகாரத் துடிப்போடு சேர்த்து, இரண்டும் உயர்ந்தால் மட்டும் உயரும் ஒரு அண்ட் கேட்டுக்குள் விட்டேன். கடிகாரம் படிக்குப் படி இறங்கி ஏறுவதால் அடிகளும் தனித்தனியாகப் பிரிந்தன. ஒரு 4081க்குள் நாலு கேட், நாலு சத்தத்துக்குச் சரியாக இருக்கும். இந்தக் குறை இல்லாத கிட்டுகளும் உண்டு. வாங்குமுன் வரைபடத்தில் பாருங்கள்.

வேகக் குமிழ் இன்னொரு தலையிடி. கூத்தில் ஆட்டம் ஏற ஏறத் தாளமும் ஏறவேண்டும். அந்தக் குமிழுக்குள் இருப்பது பொட், திருப்பத் திருப்ப றெசிஸ்டன்ஸ் மாறும் சாமான். கிட்டில் தந்த நேர்கோட்டுப் பொட்டில் முக்கால்வாசி திருப்பும்வரை ஒன்றும் தெரியாது, கடைசிக் கொஞ்சத்தில் பாய்ந்துவிடும். 555இல் றெசிஸ்டன்ஸ் குறையக் குறையத்தான் வேகம், அது தலைகீழ் உறவு. ‘சி’ எழுத்துப் போட்ட பொட் ஒன்று மாட்டினால் ஏற்றம் சீராகும். இங்கே அது கிடைக்காது, கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசாரிக்கவேண்டும். அதுவரை ‘ஏ’ பொட்டைப் புறம்மாற்றித் தொடுத்திருக்கிறேன். வேகம் கூட்ட இடப்பக்கம் திருப்பவேண்டும், பழகிவிட்டது.

அப்பப்பா கேட்டுவிட்டு, “மத்தளம்தான், ஆனா அடிக்கிறவனுக்குக் கை விறைச்சுப் போச்சு” என்றார்.

வந்தாறுமூலை

நான் அர்டுயினோ என்கிற சின்னக் கணினி போர்ட்டில் பதிவுசெய்த சத்தம் வைத்துத்தான் செய்தேன், வைகாசிச் சடங்கில் பதிவுசெய்த உடுக்கைச் சத்தம். இங்கே சொன்ன பிரச்சினை எதுவும் வரவில்லை, ஒரு மாலையில் முடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. எனக்கு வந்த ஒரே இடைஞ்சல் மேடையில்: லப்டொப்பையும் மிக்சரையும் வேறு வேறு ப்ளக்கில் செருகியபோது ‘ம்ம்ம்’ என்று இரைந்தது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றியதும் நின்றுபோனது.

கல்லடி கீபோர்ட்

கல்முனைக் காக்கா, கௌபெல் ஐசி 40106. அதற்குள் ஆறு கேட். கிட்டில் தந்ததுதான். கௌபெல்லுக்கு இரண்டு கேட் போக மிச்சம் நாலு சும்மா இருக்கிறது, அவற்றின் உள்வரும் கால்கள் எதிலும் தொடுக்கப்படவில்லை. வரைபடத்திலும் அப்படித்தான்.

கல்முனை ரிப்பேர்

அப்படியென்றால் முதலில் அந்த நாலு உள்வரும் காலையும் கிரவுண்டில் போடுங்க தம்பி. வெளிவரும் காலைத் தொடவேண்டாம். அதற்குப் பிறகு சுருதி. 40106இல் செய்கிற அலைக்கு றெசிஸ்டரும் கப்பாசிட்டரும் மட்டும் கணக்கில்லை. எந்த வோல்ட்டில் ஏறும், எந்த வோல்ட்டில் இறங்கும் என்பது ஒவ்வொரு கொம்பனியின் ஐசிக்கும் வேறு, சுருதியும் அதோடு மாறும். வரைபடம் கீறியவர் வைத்திருந்த ஐசி வேறு, உங்களிடம் வந்தது வேறாக இருக்கலாம். ஐசியை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டாம். இரண்டு றெசிஸ்டரையும் எடுத்துவிட்டு அந்த இடங்களில், திருகி அளவை மாற்றும் ட்ரிம்மர் ஒவ்வொன்று வையுங்கள், ஃபோனில் ட்யூனர் அப்பைத் திறந்து, ஒன்றை 540இல் நிறுத்தியபடி மற்றதை 800 வரை கொண்டுவாருங்கள். 100 கிலோ ட்ரிம்மர் கடையில் கிடக்கிறது. கல்முனைப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ முடிந்த பிறகு வாங்க.