ஐந்து லட்சத்துக்கு ஒரு பேக்: மச்சாளிடம் சொல்லவா, விடவா?

கல்லடி நிலா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆண்களும் பதில் சொல்லலாம். ஆனால் "இந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கலாமே" என்று யாரும் எழுத வேண்டாம். ஸ்கூட்டி இருக்கிறது.

பாரிஸில் இருக்கும் என் மச்சாள் மார்கழியில் மட்டக்களப்புக்கு வருகிறார். "உனக்கு ஒரு நல்ல பேக் எடுத்து வரவா, காசை இங்கே வைத்துத் தந்தால் போதும்" என்று கேட்டார். எனக்குப் பல வருடமாக ஆசைப்பட்ட ஒன்று இருக்கிறது: லூயி விட்டோன் நெவர்ஃபுல், நடு அளவு. அங்கே ஆயிரத்து ஐந்நூறு யூரோவுக்குக் கிட்ட. எங்கள் காசில் ஐந்து லட்சத்துக்கு மேலே போகிறது. சீட்டு எடுத்த காசு கையில் இருக்கிறது, கடன் படத் தேவையில்லை. வரிக் காசும் விமானநிலையத்தில் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிக் கதைத்திருப்பேன். மனிசன் ஒன்றும் பேசாமல் போனில் இன்றைய பவுண் விலையை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். அலுவலகத்தில் பக்கத்து மேசை அக்கா டவுனில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்த அதே பூப்போட்ட பேக்கைக் காட்டி, "யார் உரசிப் பார்க்கப் போறாங்க" என்கிறா. பாரிஸ் மச்சாளோ "இது செலவு இல்லை, முதலீடு" என்கிறார்.

விலைக்கேற்ற சாமானா அது? எங்கள் வெயிலுக்கும் மாரிக்கும் தாங்குமா? பிறகு விற்க வேண்டி வந்தால் காசு திரும்புமா? கையில் பிடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

தோல் வேலைக்காரன், கல்முனை:

தங்கச்சி, நான் பேக், சப்பாத்து, மோட்டார் சைக்கிள் சீட் எல்லாம் தைக்கிறவன். வெளிநாட்டுக்காரர் லீவில் வரும்போது பெரிய பிராண்ட் பைகளும் இடைக்கிடை என் மேசைக்கு வரும். காசு விஷயம் உங்கள் குடும்ப விஷயம், அதில் நான் வாய் வைக்கவில்லை. பையின் உள்பக்கம் மட்டும் சொல்கிறேன்.

நெவர்ஃபுல்லின் அந்தப் பூப்போட்ட உடம்பு தோல் இல்லை. பருத்தித் துணி, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு. 1854-ல் பாரிஸில் தொடங்கிய அந்தக் கம்பனியின் முதல் தொழில் பயணப் பெட்டி. ரயிலிலும் கப்பலிலும் ஏற்றும் பெட்டி நனையக்கூடாது, பாரமும் கூடக்கூடாது, அதற்காகத்தான் துணிக்குப் போனார்கள். மற்றவர்கள் கொப்பி அடிக்கிறார்கள் என்று 1896-ல் அந்த எழுத்தும் பூவும் போட்ட கோலத்தைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு எந்தச் சந்தைக்குப் போனாலும் கொப்பியாகத் தொங்குவது அந்தக் கோலம்தான், சிரிப்புத்தான் வரும்.

துணி என்று சொன்னதைக் குறையாக எடுக்க வேண்டாம். எங்கள் ஊருக்குத் தோலைவிட அது நல்லது. ஐப்பசியில் ஒரு தோல் பையை அலுமாரிக்குள் வைத்துவிட்டுத் தைப்பொங்கலுக்கு எடுத்தால், மடிப்புக்கு மடிப்பு பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் நிற்கும். பூச்சுத் துணியில் வந்தால் துடைக்கப் போகும். தோலில் வேர் பிடித்தால் மணம் போகவே போகாது.

கரைச்சல் இருப்பது கைபிடியில். அது வக்கெட்டா என்ற தோல். சாயமோ மேல்பூச்சோ இல்லாத மாட்டுத்தோல், புதிதில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். வெயிலும் கை எண்ணெயும் பட்டு மெல்ல மெல்லக் கருத்து வரும், அந்த நிறத்துக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஈரம் ஆகாது. ஸ்கூட்டியில் கல்லடிப் பாலத்தால் போகும்போது ஒரு தூறல் அடித்தால் துளி விழுந்த ஒவ்வொரு இடமும் வட்டம் வட்டமாக நிற்கும். கழுவ ஏலாது. பொலிஷ் போட்டால் இன்னும் மோசம்.

இன்னொன்று, நெவர்ஃபுல்லுக்கு மேலே இழுத்து மூடும் சிப் இல்லை, நடுவில் ஒரு கொழுக்கி மட்டும்தான். கல்முனை பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து பாருங்கள், வாய் திறந்த பையோடு. தோள் பட்டியும் மெல்லியது. சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், குடை எல்லாம் போட்டால் தோளை அறுக்கும். "ஒருபோதும் நிரம்பாது" என்ற பெயரை நம்பி நிரப்பினால் முதலில் வெடிப்பது பட்டியின் விளிம்பில் பூசியிருக்கும் பெயின்ற். அதை உரசி மறுகா பூசித் தரலாம், ஆனால் அதே நிறம் வராது. நான் கை வைத்த பிறகு கம்பனி திருத்த எடுக்காமலும் போகலாம்.

அந்த அக்காவின் நாலாயிரத்து ஐந்நூறு பேக்கைப் பற்றியும் கேட்டீர்கள். உரசவே தேவையில்லை, மாரி உரசிக் காட்டும். மலிவு ரெக்சினின் மேல்பூச்சு ஈரக்காற்றிலேயே உடைந்து செதில் செதிலாக உரியும், பாவிக்காமல் வைத்திருந்தாலும் உரியும். ஒருமுறை அப்படி ஒன்றின் கைபிடியைப் பிரித்தேன். உள்ளே மடித்து வைத்திருந்தது மட்டை, அதில் சீன எழுத்து அச்சடித்தபடி இருந்தது.

என் கணக்கில் நெவர்ஃபுல் நல்ல தையல், நல்ல சாமான், நீண்ட காலம் உழைக்கும். ஆனால் ஐந்து லட்சத்துக்கு வேலை அதில் இல்லை. தையல் மெஷின் தையல், நேர்த்தியான மெஷின் தையல். ஹெர்மெஸ் என்ற இன்னொரு பிரெஞ்சுக் கம்பனியின் பைகளை ஓராள் இருந்து, ஒரு நூலில் இரண்டு ஊசி கோத்து இரு பக்கமும் இழுத்துத் தைப்பார்கள், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல் கழலாது. கைவேலைக்குக் காசு என்றால் அது கைவேலை. விலையை என்னிடம் கேட்காதீர்கள்.

---

மருதமுனை ராத்தா:

புள்ள, நான் டோஹாவில் ஒரு மோலில் பேக் கடையில் நின்றவள், இப்போது ஊரோடு. கடைக்குள் என்ன சொல்லி விற்போம் என்று தெரிந்தவள் என்ற முறையில் அந்த "முதலீடு" கதையை மட்டும் எடுக்கிறேன், ஏனென்றால் அதை வாடிக்கையாளர் தானாகச் சொல்லும் வரைக்கும் நாங்கள் பொறுத்துப் பார்ப்போம். சொல்லிவிட்டால் பில் போட்டாயிற்று.

விலை ஏறுவது உண்மை. ஷனெல் கம்பனியின் நடு அளவுச் சங்கிலிப் பட்டிப் பை 2019-ல் ஆறாயிரம் டாலருக்குள் இருந்தது, 2024-ல் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. 2025 ஜூலையில் ஜேன் பர்கின் என்ற நடிகை பாவித்த, ஹெர்மெஸின் முதலாவது பர்கின் பை பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் முதலீடு என்கிறார்கள். ஏறுவது கடைக்காரன் விற்கிற விலை. நீங்கள் விற்கிற விலை வேறு. பாவித்த பையை எடுத்து விற்கும் கடைகள் தங்கள் பங்கை வெட்டிக்கொண்டுதான் தரும். ஹெர்மெஸின் ஓரிரு வகை போன்ற சிலதைத் தவிர, பெரும்பாலும் கடை வாசலைத் தாண்டிய உடனேயே விலை இறங்கும்.

அதுவும் பாரிஸில் இருப்பவருக்கு. மட்டக்களப்பில் இருந்து யாரிடம் விற்பீர்கள்? ஒரிஜினலா என்று பார்த்துச் சொல்லவே இங்கே ஆள் இல்லை. லூயி விட்டோன் 2021 முதல் உள்ளே குத்திய இலக்கத்தை விட்டுவிட்டு மைக்ரோசிப் வைக்கிறது, கண்ணால் பார்த்து ஒன்றும் பிடிக்க முடியாது. உங்கள் வீட்டுக்காரர் காட்டிய பவுணை நாளைக் காலையில் எந்த வங்கியிலும் அடைவு வைக்கலாம். பேக்கை எந்த வங்கி எடுக்கும்?

மற்றது, "2021-ல் ஒரு பையை ஆயிரம் யூரோவுக்கு வாங்கினேன், எங்கள் காசில் இரண்டரை லட்சம்கூட வரவில்லை, இப்போது அதே ஆயிரம் யூரோவுக்கு மூன்றரை லட்சம் வேண்டும்" என்று சொந்தக்காரர் ஒருவர் பெருமையாகச் சொன்னார். பை எங்கே ஏறியது? 2022-ல் டாலர் இருநூறில் இருந்து முந்நூற்றறுபதுக்குப் போனதே, அதோடு யூரோவும் போனது. ஆயிரம் யூரோவைத் தாளாகத் தலகணிக்குள் வைத்திருந்தாலும் அதே லாபம்தான்.

தோல் வேலைக்கார நானா சொன்ன வேலைக்கூலி விஷயத்துக்கு ஒன்று. 2024-ல் மிலான் நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தது: டியோரின் 2,600 யூரோ பை ஒன்றைப் பொருத்தித் தைக்க அந்தச் சிறு தொழிற்சாலைக்குக் கொடுத்தது 53 யூரோ. தோலும் மற்றச் சாமானும் அதற்குப் புறம்பு, விளம்பரம், கடை வாடகை, என் மாதிரி ஆட்களின் சம்பளம் எல்லாம் அதற்கும் புறம்பு. ஆனாலும் அந்த 53-ஐப் படித்த பிறகு "கைவேலை" என்ற சொல்லைக் கடையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று யோசனை வந்தது.

வரிக் காசு பற்றி: பிரான்சில் அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் வாங்கினால்தான். உங்கள் மச்சாள் பாரிஸில் குடியிருக்கிறவர், அவருக்குக் கிடையாது. அந்தக் கணக்கை இப்போதே கழித்துவிடுங்கள்.

ஆசை என்றால் பாவித்ததை வாங்கச் சொல்லுங்கள். முதல் இறக்கத்தை வேறொருவர் தாங்கிவிட்டார். லூயி விட்டோன் மலிவு விற்பனை போடுவதே இல்லை, அதனால் "சேல் வரட்டும்" என்று காத்திருப்பது வீண்.

---

ஓய்வுபெற்ற ரீச்சர், ஆரையம்பதி:

எல்லாரும் நல்ல கணக்குச் சொல்கிறீர்கள். எங்கள் தெருவில் இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகள் மூன்று நான்கு லட்சத்துக்குப் போன் வைத்திருக்கிறார்கள், கட்டுக்காசில். அதை முதலீடா என்று யாரும் கேட்கவில்லை, பவுண் விலையை எடுத்து முன்னால் வைக்கவும் இல்லை. மகளே, உன் சம்பளம், உன் சீட்டு. வாங்குவதென்றால் வாங்கு, ஆனால் வாங்கிவிட்டு அலுமாரிக்குள் பூட்டி வைக்காதே. கலியாண வீட்டுக்கும் சந்தைக்கும் கொண்டு போ.

---

கல்லடி நிலா:

ரீச்சர், உங்கள் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார், அவ்வளவுதான்.

ராத்தா, வரிக் காசு விஷயம் மச்சாளுக்கே வடிவாகத் தெரியாது. கேட்டுப் பார்த்துவிட்டு "ஓம், எனக்குத் தர மாட்டாங்களாம்" என்றார். யூரோவைத் தலகணிக்குள் வைக்கிற கதைக்கு என்னிடம் பதிலே இல்லை.

நெவர்ஃபுல்லை விட்டாச்சு. கொழுக்கி மட்டும் என்று அண்ணன் சொன்னதும் எனக்குப் பஸ்தான் கண்ணுக்குள் வந்தது. மச்சாளின் வீட்டுக்குப் பக்கத்தில் பாவித்த பை விற்கும் கடை இருக்கிறதாம், லூயி விட்டோனின் ஸ்பீடி 30 என்ற பை ஒன்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேலே சிப் இருக்கிறது. விலை பாதிக்குக் கீழே வந்தால் எடுப்பேன், மிச்சத்துக்கு அவர் ஆசைப்படி பவுண் பார்க்கலாம். முதலீடு என்று இனி யாருக்கும் சொல்ல மாட்டேன், ஆசைக்கு எடுத்தேன் என்றே சொல்வேன்.

அண்ணன், படம் அனுப்பச் சொன்னால் எந்த இடங்களைப் பார்க்க வேண்டும்?

---

தோல் வேலைக்காரன், கல்முனை:

கைபிடி உடம்போடு சேரும் நாலு இடம், கிட்டவாக எடுக்கச் சொல்லுங்கள். தோல் கறுத்திருந்தால் பரவாயில்லை, வெடித்து நூல் தெரிந்தால் வேண்டாம். அடுத்து அடிப்பக்க மூலைகள். விளிம்பைச் சுற்றி ஓடும் தோல் தேய்ந்து உள்ளே இருப்பது வெளியே வந்திருந்தால் அதைத் திருத்த முழுப் பையையும் பிரிக்க வேண்டும். சிப்பை இரண்டு தரம் இழுத்து வீடியோ. உள்ளே துணியைப் புரட்டிப் போட்டு ஒரு படம், பேனை மை இருந்தால் போகாது. மணம் படத்தில் வராது, மச்சாளையே மூக்கை உள்ளே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பூஞ்சணம் உள்ள பை இங்கே முதல் மாரியிலேயே திரும்ப எழும்பும்.

வந்த பிறகு பொலித்தீனில் கட்ட வேண்டாம். பழைய பருத்தித் தலகணி உறைக்குள் போட்டு, உள்ளே அச்சு மை இல்லாத வெள்ளைத் தாளைச் சுருட்டி வையுங்கள். அலுமாரியின் கீழ்த் தட்டு கூடாது, மேல் தட்டு. வெயில் எறிக்கும் நாளில் வெளியே எடுத்து நிழலில் காற்றுப் படவிடுங்கள், வெயிலில் காய வைக்காதீர்கள்.